விலாசினியின் விரல்கள்

அத்தியாயம் பதினொன்று

ஆக்சிஜன் பார்க்கிற கிளிப் விலாசினியின் எந்த விரலிலும் எண் காட்டவில்லை. ஷைனி சிஸ்டர் ஆள்காட்டி விரலில் மாட்டிப் பார்த்தாள். நடுவிரலில் மாட்டிப் பார்த்தாள். உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி மாட்டினாள். கடைசியில் காது மடலைப் பிடித்து இழுத்து அதில் மாட்டினாள்.

"இது விரலா சேச்சி, அடிப்பிடிச்ச சட்டியா?"

"அண்டி ஆபீஸ் விரல் சிஸ்டரே. இருபத்தெட்டு வருஷம் முந்திரிக்கொட்டை உடைச்சது. ரேஷன் கடை மிஷினே ரேகை கிடைக்காம தோத்துப்போச்சு. நான் திருடினா போலீசுக்குக்கூட கஷ்டம்தான்."

வரிசையாகப் போட்டிருந்த சாய்வு நாற்காலிகளில் நாலைந்து பேர் சிரித்தார்கள். எல்லோர் கையிலும் ஊசி, எல்லோர் தலைக்கு மேலும் ஒரு புட்டி. அந்த ஹாலில் சிரிப்பு வருவதே அபூர்வம். வந்தால் அது விலாசினி உட்கார்ந்திருக்கிற மூலையிலிருந்துதான் வரும்.

சிஸ்டர் பேனாவை எடுத்தாள். "வாந்தி?"

"இல்ல."

"வாய்ப்புண்?"

"இல்ல."

"கை கால் மரத்துப்போகுதா?"

"இந்தக் கை எப்பவும் அப்படித்தான். கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டு வெந்துபோனது. கல்யாணம் ஆனதிலிருந்தே உணர்ச்சி கிடையாது. அவர்கிட்ட வேணா கேளுங்க."

மறுபடி சிரிப்பு. சிஸ்டரும் சிரித்துக்கொண்டே, 'புதிதாக எதுவும் இல்லை' என்று எழுதினாள். டாக்டர் நிசார் காலையிலேயே ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். மருந்து கலக்கிற அறைக்குச் சீட்டு போயிற்று.

பக்கத்தில் ஃபைலைக் கட்டிக்கொண்டு நின்ற மகள் பிரஜிதா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அந்த வீட்டில் ஃபைலைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள். ஒவ்வொரு தாளையும் இரண்டு முறை படிப்பவள். அவளுக்கும் அந்த பதிலில் எதுவும் உறைக்கவில்லை.

மார்புப் புற்றுக்குச் சிவப்பு மருந்து நாலு தவணை முடிந்து, முடி போய், புருவமும் போய், இப்போது வாராவாரம் வெள்ளை மருந்து. மொத்தம் பன்னிரண்டு. எட்டு முடிந்துவிட்டது. இன்று ஒன்பது. பன்னிரண்டும் முடிந்த பிறகு மார்பில் ஆபரேஷன் என்று பேச்சு.

பிரஜிதா கொச்சி வேலையை உதறிவிட்டு வந்து மூன்று மாதம் ஆகிறது. "உன்னைப் படிக்க வச்சது எனக்குக் கஞ்சி ஊத்தறதுக்கா?" என்று வந்த அன்றைக்கே அம்மா கேட்டதும், இவள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்ததும் நடந்து முடிந்த கதை. அதற்குப் பிறகு இருவருக்கும் நடுவே பேச்சு என்றால் மாத்திரை, தேதி, பஸ் நேரம். அவ்வளவுதான்.

சிஸ்டர் நரம்பு தேடினாள். மூன்றாவது குத்தில் கிடைத்தது. முதலில் வாந்திக்கும் அலர்ஜிக்குமான சின்னப் புட்டி ஏறும். அரை மணி நேரம். அதன் பிறகுதான் வெள்ளை மருந்து.

"அது ஏறுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்ரூம் போயிட்டு வந்துடுங்க சேச்சி. அப்புறம் தூக்கம் சொக்கும்."

பிரஜிதா புட்டியைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். விலாசினி முன்னால் நடந்தாள். ஹாலைத் தாண்டி, கதவைத் தாண்டி, நடைபாதையில் பத்தடி போயிருப்பார்கள். பின்னாலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"அக்கா! உங்க செருப்பு!"

பிரஜிதா திரும்பினாள். ஹால் வாசலிலேயே ஒரு ரப்பர் செருப்பு கிடந்தது. அம்மாவின் இடது கால் செருப்பு. அம்மா வெறுங்காலோடு ஈரத் தரையில் நடந்து வந்திருக்கிறாள். பினாயில் ஊற்றிக் கழுவிய தரை, பனிக்கட்டி மாதிரி குளிர்ந்து கிடந்தது.

"அம்மா, செருப்பு கழண்டது தெரியலையா?"

விலாசினி குனிந்து தன் காலைப் பார்த்தாள். கண்ணால் பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அந்த ஒரு நொடி முகத்தில் எதுவோ ஓடி மறைந்தது. "அவசரத்துல கவனிக்கல. நீ புட்டியைத் தூக்கிப் பிடி, ரத்தம் திரும்பி வருது."

பாத்ரூம் கதவைச் சாத்தி, உள்ளே நின்றுகொண்டுதான் பிரஜிதா பார்த்தாள். புடவைத் தலைப்புக்கு மேல் அம்மா ஒரு துண்டு போட்டிருந்தாள். மூன்று வாரமாகவே போட்டுக்கொள்கிறாள், குளிருகிறதாம். துண்டு நழுவியது. ரவிக்கையின் நடு ஹூக் இரண்டும் கழண்டிருந்தன.

"ஹூக்கைப் போடு."

"வேர்க்குதுடீ. இருக்கட்டும்."

"குளிருதுன்னு துண்டு. வேர்க்குதுன்னு ஹூக். எதாவது ஒண்ணைச் சொல்லு. போடு."

விலாசினி விரல்களைக் கொண்டுபோனாள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் துணியின் மேல் ஊர்ந்தன. ஹூக்கைத் தாண்டிப் போயின. திரும்பி வந்தன. மறுபடி தாண்டிப் போயின. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் கொட்டையை நிறுத்தி, பருப்பு உடையாமல் ஒரே தட்டில் ஓட்டைப் பிளந்த விரல்கள். மேஸ்திரி முழுப்பருப்புக்கு உதாரணம் காட்டும்போது எடுத்துக் காட்டுகிற கூடை விலாசினியின் கூடை. அந்த விரல்கள் ஒரு ஹூக்கைப் பிடிக்க முடியாமல் நெஞ்சின் மேல் தடவிக்கொண்டிருந்தன.

பிரஜிதா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எத்தனை நாளா?"

"என்ன எத்தனை நாளா?"

"அம்மா, நடிக்காதே. கை, கால் ரெண்டும் செத்துப்போச்சு. எத்தனை நாளா?"

விலாசினி கழுவுத்தொட்டியின் விளிம்பில் சாய்ந்தாள். மருந்து சொக்க ஆரம்பித்திருந்தது. குரல் குழறியது. "ஒரு மாசம் இருக்கும். நீ ஒண்ணும் சொல்லக்கூடாது. சொன்னா நிறுத்திடுவாங்க."

"யாரு சொன்னா?"

"ரோசம்மாவுக்கு நடந்ததே. சக்திகுளங்கரை ரோசம்மா, எனக்குப் பக்கத்து நாற்காலி. காலு மரக்குதுன்னு டாக்டர்கிட்ட சொன்னா. அன்னைக்கே அவளுக்கு மருந்தை நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் அவளை இந்தப் பக்கம் பார்த்தியா நீ? நாலு வாரமா அந்த நாற்காலியில வேற ஆளு."

"அவங்களுக்கு வேற கிழமை மாத்திக் கொடுத்திருப்பாங்க."

"உனக்கு ஆபீஸ் தெரியாது. கை வெந்தா மேஸ்திரிகிட்ட காட்டக்கூடாது. சாம்பலைப் பூசிக்கிட்டுக் கொட்டையை எடுத்துக்கணும். காட்டினவளை எழுப்பி வெளியில உட்கார வச்சுடுவான். அப்புறம் அந்த இடம் இன்னொருத்திக்கு. நான் ஒரு நாள் காட்டினது இல்ல. இருபத்தெட்டு வருஷம் என் இடத்தை யாரும் எடுத்ததில்ல."

"இது ஆபீஸ் இல்லம்மா! ஆஸ்பத்திரி!"

"கத்தாதே." விலாசினி மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி இறுக்கமா தளர்வா என்று அவளுக்கே தெரியாத பிடி. எலும்பு நோகிற அளவுக்கு அழுத்தினாள். "மருந்து வேலை செய்யுதுடீ. கட்டி கரைஞ்சுபோச்சு. தினம் குளிக்கும்போது தடவிப் பாக்கறேன். முன்னாடி எலுமிச்சங்காய் மாதிரி இருக்கும். இப்ப தட்டுப்படவே மாட்டேங்குது. இன்னும் நாலே நாலு. கை போனா போகட்டும், கால் போனா போகட்டும். எனக்கு உசிரோட இருக்கணும். புரியுதா? எனக்கு இருக்கணும்."

பிரஜிதா அந்த விரல்களைப் பார்த்தாள். தட்டுப்படவில்லையாம். எந்த விரலுக்குத் தட்டுப்படவில்லை?

அவள் இரண்டு ஹூக்கையும் மாட்டிவிட்டு, துண்டைப் போர்த்தி, நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்தாள்.

வராந்தாவில் அவள் அப்பா சுகதன் தூணோரம் நின்றுகொண்டிருந்தார். பெண்கள் ஹாலுக்குள் ஆண்களை விட மாட்டார்கள். சுமை தூக்குகிற வேலை பார்த்தவர் என்பது தோளைப் பார்த்தாலே தெரியும். கையில் கஞ்சி ஃபிளாஸ்க், ஒரு டப்பாவில் பயறுத் துவட்டல். எட்டு வாரமாக அதே தூண்.

"அச்சா. அம்மாவுக்குக் கை மரத்துப்போனது உங்களுக்குத் தெரியுமா?"

அவர் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகினார். திறந்தார். மூடினார்.

"அச்சா!"

"காலைல ஹூக் போட்டு விடறது நான்தானே மகளே."

வீட்டில் தினமும் காலையில் அந்த அறைக் கதவு சாத்தியிருக்கும். இந்த வயதில் இது என்ன வெட்கம் என்று அவள் மனசுக்குள் முறைத்திருக்கிறாள். இப்போது முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"மூணு வாரமா போட்டு விடறீங்க. ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லல."

"உன் அம்மா சத்தியம் வாங்கிட்டா."

"சத்தியமா? அம்மா நடக்க முடியாம விழுந்து கிடந்தா அந்தச் சத்தியம் வந்து தூக்குமா? ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் கேணச்சியாக்கிட்டீங்க. எதுக்கு என்னைப் படிக்க வச்சீங்க? ஃபைல் தூக்கவா?"

சுகதனுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

"முப்பது வருஷத்துல அவ என்கிட்ட கேட்டது ரெண்டோ மூணோதான்," என்றார். "இதைக் கேட்டா. முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

"இப்ப நான் போய்ச் சொல்லப்போறேன்."

"சொன்னா உன்னை மன்னிக்க மாட்டா."

"தெரியும்."

அவர் வெளியே, பஸ் வந்து திரும்புகிற முற்றத்தைப் பார்த்தார். "நானும் மூணு வாரமா இந்தத் தூண்கிட்ட நின்னு அதைத்தான் யோசிக்கறேன். சொன்னா ஒரு பயம், சொல்லாட்டி ஒரு பயம். நீ படிச்சவ. உனக்கு எது சரின்னு தெரியும்னா, போய்ச் சொல்லு."

உனக்குத் தெரியும்னா. பிரஜிதாவுக்கு என்ன தெரியும்? பி.காம். முதல் வகுப்பு. நரம்பைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. ரோசம்மாவுக்கு என்ன ஆயிற்று என்றுகூடத் தெரியாது.

அவள் ஹாலுக்குள் நுழையும்போது வெள்ளை மருந்து வந்துவிட்டது. தள்ளுவண்டியில் ஒரு கண்ணாடிப் புட்டி. அதன்மேல் ஒட்டியிருந்த தாளில் விலாசினி, வயது நாற்பத்தொன்பது, ஒன்பதாவது தவணை. ஷைனி சிஸ்டர் பெயரை உரக்கப் படித்துச் சரிபார்த்து, புட்டியைக் கொக்கியில் மாட்டினாள். குழாயைக் கையில் எடுத்தாள்.

விலாசினி கண்ணைப் பாதி திறந்திருந்தாள். மகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. வேண்டாம்.

"சிஸ்டர், அதை மாட்டாதீங்க."

குரல் ஹால் முழுக்கக் கேட்டது. பக்கத்து நாற்காலிகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட விழித்தார்கள்.

"அம்மா பொய் சொல்லிட்டாங்க. கை மரத்தது கொட்டை எண்ணெயால இல்ல. செருப்பு கழண்டது தெரியாம நடக்கறாங்க. ஹூக் போட முடியல. ஒரு மாசமா."

சிஸ்டர் குழாயைக் கீழே வைத்துவிட்டு டாக்டருக்கு ஆள் அனுப்பினாள்.

நிசார் டாக்டர் வந்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சின்ன வயசுக்காரர். எதையும் மெதுவாகக் கேட்பவர். விலாசினியின் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவள் கூச்சத்தில் இழுத்தாள்.

"கண்ணை மூடிக்கோங்க சேச்சி. எந்த விரலைத் தொடறேன்?"

"பெருவிரல்."

"இப்ப?"

"சுண்டுவிரல்."

"இப்ப?"

விலாசினி யோசித்தாள். "நடுவிரல், சார்."

டாக்டர் கடைசி இரண்டு தடவையும் எதையும் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆபீசில் மேஸ்திரி கேள்வி கேட்டால் பதில் இல்லாமல் இருக்கக்கூடாது என்று கற்றுக்கொண்டவள், இங்கேயும் ஒரு பதில் வைத்திருந்தாள். பிரஜிதா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கண்ணைத் திறங்க சேச்சி. மருந்து நரம்பைத் தின்னுது. இன்னைக்கு வேண்டாம். நிறுத்தினா கொஞ்சம் கொஞ்சமா உணர்ச்சி திரும்பும், முழுசா திரும்புமான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. இப்படியே இன்னும் நாலு போட்டா நடக்கறதே கஷ்டமாயிடும்."

"நடக்கலைன்னா பரவாயில்ல சார். நாளைக்கு வரட்டுமா? ஒரு நாள் ஓய்வு எடுத்தா கை சரியாயிடும். பழகின கை."

"நாளைக்கு இல்ல. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. அளவைக் குறைக்கலாமா, வேற மருந்தா, இல்ல நேரா ஆபரேஷனான்னு நாங்க உக்காந்து பேசறோம்."

"கட்டிதான் கரைஞ்சுபோச்சே சார். கையில தட்டுப்படவே இல்ல."

டாக்டர் சிஸ்டரைத் திரை இழுக்கச் சொல்லி, பரிசோதித்துவிட்டு வெளியே வந்தார். "சின்னதாகியிருக்கு சேச்சி. பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு. அது நல்ல விஷயம். ஆனா இருக்கு."

விலாசினி தன் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு பார்த்தாள். தினமும் குளியலறையில் அவளுக்கு நல்ல சேதி சொன்ன கைகள். சிஸ்டர் கொக்கியிலிருந்து புட்டியை எடுத்துத் தள்ளுவண்டியில் வைத்தாள். கலந்த மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. வண்டி கதவைத் தாண்டிப் போகும்வரை விலாசினியின் கண் அதன் பின்னாலேயே போயிற்று.

"கொட்டிடுவாங்களா?" என்றாள்.



ஊசியைப் பிடுங்கிப் பஞ்சு வைத்து ஒட்டி முடித்ததும் பிரஜிதா ஷைனி சிஸ்டரைத் தனியே மடக்கினாள். "சக்திகுளங்கரை ரோசம்மான்னு ஒருத்தங்க வந்துட்டிருந்தாங்களே. அவங்க இப்ப எந்தக் கிழமை வர்றாங்க?"

சிஸ்டர் பஞ்சு டப்பாவை மூடினாள். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

"எப்ப?"

"தவறிப்போய்ப் பத்து நாளாச்சு. மருந்தை நிறுத்தினதால இல்ல, நம்புங்க. அவங்களுக்கு முன்னாடியே நோய் ஈரலுக்குப் பரவியிருந்தது. உங்க அம்மா கேஸ் வேற, அவங்க கேஸ் வேற."

"அம்மாவுக்கு அது புரியாது."

"அதான் சொல்றேன். இப்ப தெரிஞ்சா அடுத்த தடவை இந்தப் படியே ஏற மாட்டாங்க. கிழமை மாத்திக் கொடுத்திருக்கோம்னு சொல்லுங்க."

பத்து நிமிஷம் முன்னால் ஒரு ஹாலே கேட்கும்படி உண்மையைச் சொன்னவள் தலையை ஆட்டினாள்.

வீடு திரும்ப ஏறிய குண்டறை பஸ்ஸில் கூட்டம் இல்லை. சுகதன் முன்னால் ஒரு சீட்டில் ஃபிளாஸ்க்கை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தாயும் மகளும் பின்னால். ஜன்னலோரம் விலாசினி. பூட்டிக் கிடக்கிற ஒரு அண்டி ஆபீஸின் சுவர் கடந்து போயிற்று. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்னை எழுப்பி வெளியில உட்கார வச்சுட்டே," என்றாள். குரலில் கோபம் இல்லை. செய்தி மாதிரி சொன்னாள். "என் வயித்துல பொறந்தவ. மேஸ்திரியால முடியாததை நீ செஞ்சுட்டே."

"திட்டு. நல்லா திட்டு. இன்னொரு தடவை ஆனாலும் இதையேதான் செய்வேன்."

"அடுத்த தடவை நீ வரவேண்டாம். உங்க அச்சன் போதும்."

"வருவேன்."

"அடுத்த தடவையே கிடையாதுடீ. ரோசம்மாவுக்கு இருந்ததா?"

பிரஜிதா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "சிஸ்டர்கிட்ட கேட்டேன். அவங்களுக்குக் கிழமை மாத்தியிருக்காங்களாம். திங்கட்கிழமை வர்றாங்களாம். கால் பரவாயில்லையாம்."

விலாசினி மெல்லத் திரும்பினாள். பஸ் ஏறியதிலிருந்து முதல்முறையாக மகளை நேராகப் பார்த்தாள்.

"நிஜமாவா?"

"நிஜம்."

"உங்க அச்சன் தலை மேல?"

முன்சீட்டில் சுகதனின் நரைத்த பின்மண்டை பஸ்ஸோடு ஆடிக்கொண்டிருந்தது. "அச்சன் தலை மேல."

விலாசினி மூச்சை இழுத்துவிட்டாள். தோள் தாழ்ந்தது. "ஃபோனை எடு," என்றாள்.

"எதுக்கு?"

"ரோசம்மாகூடப் பேசணும். கால் எப்படித் திரும்பி வந்துச்சு, என்ன செஞ்சான்னு அவ வாயால கேக்கணும். அவ சொன்னா நான் வர்றேன். டாக்டர் சொன்னாலும் சரி, நீ சொன்னாலும் சரி, எனக்கு நம்பிக்கை இல்ல. அவ சொல்லட்டும்."

"வீட்டுக்குப் போய்ப் பேசலாம்மா."

"இப்பவே. நம்பர் எனக்கு மனப்பாடம். என் விரலுக்கு இந்தக் கண்ணாடி கேக்க மாட்டேங்குது. நீ அழுத்து."

விலாசினி எண்களைச் சொன்னாள். கூடைக் கணக்கு சொல்கிற அதே ராகத்தில், ஒவ்வொன்றாக, தப்பில்லாமல். பிரஜிதா அழுத்திக்கொண்டே வந்தாள். ஒன்பது எண் சரியாக அழுத்தினாள். பத்தாவது எண்ணை அம்மா "நாலு" என்றாள்.

பிரஜிதாவின் கட்டைவிரல் ஏழை அழுத்தியது.

இல்லாத நம்பர் என்று சொல்லும், அணைத்து வைத்திருக்கிறது என்று சொல்லும், எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று நினைத்திருந்தாள். ஆனால் மணி அடித்தது. இரண்டு. மூன்று. அவள் துண்டிப்பதற்குள் யாரோ எடுத்துவிட்டார்கள். வயதான ஒரு பெண் குரல், இருமலுக்கு நடுவே, "யாரு?" என்றது.

விலாசினி இரண்டு கைகளாலும் அந்த ஃபோனை மகளிடமிருந்து வாங்கி, நழுவிவிடாமல் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். அவள் முகம் அப்படி மலர்ந்து பிரஜிதா பல மாதமாகப் பார்த்ததில்லை.

"ரோசம்மா! நான் விலாசினி. அடியே, உயிரோடதான் இருக்கியா?"